தொப்பி மறைத்த வாய்

"இந்த ரெண்டு நிமிஷம் யாரும் பேசக் கூடாது சார். ஒரு வார்த்தைகூட."

டப்பிங் கூடத்தில் இப்படி ஒன்றைக் கேட்கவே கூடாது என்று, வேலையில் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் ஒலிப்பதிவாளர் அண்ணன். "லீவு கேளு. ஏசியைக் குறைக்கச் சொல்லு. முதலாளி உக்காரற நாற்காலியைக்கூடக் கேளு. சும்மா இருக்கணும்னு மட்டும் கேட்டுடாதே. சத்தம் வித்துப் பொழைக்கிற இடம் இது."

இரண்டு வருடம் கேட்காமல்தான் இருந்தாள். இன்று கேட்டுவிட்டாள்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வரப்போகிறது என்பதற்கு அவர் கொடுக்கும் முன்னறிவிப்பு அது. "ஏன் பாப்பா, எல்லாருக்கும் வாயில கட்டியா?"

வெளிநாட்டுப் படங்களைத் தமிழில் பேசவைத்து டிவிக்கு விற்பதுதான் அந்தக் கூடத்தின் தொழில். உதட்டசைவுக்குப் பொருந்த வசனம் எழுதுவது அவள் வேலை. உதடு தெரியும் இடத்தில் எழுத்தாளர் அடிமை. தெரியாத இடத்தில் ராஜா. ஆள் முதுகைக் காட்டினாலோ, தொப்பி வாயை மறைத்தாலோ, முதலாளி கையைத் தட்டுவார். "புறம்போக்கு நிலம்மா இது! வீடு கட்டு!"

கௌபாய் படம் முழுக்கப் புறம்போக்குதான். தொப்பி, தூசி, முதுகு, தூரத்தில் ஒரு குதிரை. மூலத்தில் முப்பது வார்த்தை பேசும் கதாநாயகன், இந்தக் கூடத்தைத் தாண்டி வெளியே போகும்போது முந்நூறு பேசியிருப்பான். குதிரைக்குக்கூட ஒருமுறை வசனம் எழுதச் சொன்னார். அவள் மறுத்தாள். அவரே எழுதினார்.

போன படத்தில்தான் விபத்து நடந்தது. ஒரு மோதல் காட்சி. தெருவின் இரு முனையிலும் இருவர், நடுவில் காற்று. வசனத் தாளில் அந்தக் காட்சிக்கான கட்டம் காலியாக இருந்தால் முதலாளி குடிபுகுந்துவிடுவார் என்று, அவள் சாமர்த்தியமாக அதற்குள் 'மௌனம்' என்று எழுதிவைத்தாள். நாயகனுக்குக் குரல் கொடுப்பவரைக் கூடத்தில் எல்லோரும் 'கர்ஜனை' என்றுதான் கூப்பிடுவார்கள். தாளில் எழுத்து இருந்தால் படித்துவிடும் மனிதர். ஒலிப்பதிவாளர் அண்ணன் பதிவை உதவியாளரிடம் விட்டுச் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அடிவயிற்றிலிருந்து இழுத்தார்: "மௌ... னம்!"

தொப்பி வாயை மறைத்திருந்ததா, கச்சிதமாகப் பொருந்திவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. படம் டிவியில் ஓடியது. அடுத்த வாரமே பிள்ளைகள் தெருவில் விரலைத் துப்பாக்கியாக நீட்டி "மௌனம்!" என்று கத்தினார்கள். பேருந்தில் ஒரு நடத்துநர் சில்லறைக்குச் சண்டை போட்ட ஆளிடம் "மௌனம்!" என்றதை அவள் காதாலேயே கேட்டாள். டிவிக்காரர்கள் போன் செய்து பாராட்டியபோது முதலாளி சொன்னார்: "நான்தான் வைக்கச் சொன்னேன்."

அதைக்கூட விழுங்கிவிட்டாள். அவள் எழுத்தில் ஆகப் பிரபலமானது அவளுடைய தவறு, அதற்கும் அவருக்குத்தான் மாலை. போகட்டும். ஆனால் இந்தப் படம் வேறு.

இதில் கிணறு வைத்திருக்கும் ஒரு விதவை. சுற்றுவட்டாரத்தில் வேறு தண்ணீர் இல்லை. அவளை விரட்டிவிட்டுக் கிணற்றைப் பிடுங்க, பண்ணைக்காரன் ஒரு துப்பாக்கிக்காரனைக் கூலிக்கு அனுப்புகிறான். கடைசிக் காட்சியில் அவன் வாசலில் வந்து நிற்கிறான். அவள் கையில் துப்பாக்கி இல்லை, வாளிதான் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து அவன் குதிரையின் முன்னால் வைக்கிறாள். குதிரை குடிக்கிறது. குடித்து முடியும்வரை இருவரும் நிற்கிறார்கள். பிறகு அவன் இடுப்புவாரை அவிழ்த்து, துப்பாக்கியோடு வேலிக்கம்பத்தில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போகிறான். இரண்டு நிமிடம். பேச்சே இல்லை.

அந்தக் காட்சிக்கு முதலாளி கொடுத்தனுப்பிய குறிப்பு: 'நாயகன் பேசுகிறான். பதினாலு வரி. நடுவில் மூன்று மௌனம்!' உதாரணத்துக்கு ஒரு வரி அவரே எழுதியிருந்தார்: 'நான் சுட்டா சத்தம் வரும், சுடலைன்னா சரித்திரம் வரும்!'

"ஒரு தடவை அப்படியே போட்டுப் பாருங்க சார்," என்றாள். "அப்புறம் பேசலாம்."

"பாத்துட்டேனே."

"போன் பேசிக்கிட்டே பாத்தீங்க."

குரல் பதியும் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கர்ஜனை இருமுவதுபோல் சிரித்தார். முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "போடுய்யா," என்றார்.

ஒலிப்பதிவாளர் அண்ணன் போட்டார். காற்று. காற்றாலை ஒன்று கிறீச்சிட்டுச் சுழலும் ஓசை. வாளி தரையில் வைக்கப்படும் 'டங்'. குதிரை உறிஞ்சும் சத்தம், நீளமாக, அவசரமில்லாமல். துப்பாக்கிக்காரனின் சுண்டுவிரல் ஒருமுறை துடிப்பதை அவ்வளவு பெரிய திரையில் அன்றுதான் மற்ற எல்லோரும் பார்த்தார்கள். அவள் படத்தைப் பார்க்கவில்லை, முதலாளியைப் பார்த்தாள். முதலாளியின் போன் மேஜையில் அதிர்ந்தது. அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே அதைக் கவிழ்த்துவைத்தார். கர்ஜனை பேசும் அறையில் தன்னை அறியாமல் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்திருந்தார், மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றியவர்போல.

காட்சி முடிந்தது.

"நல்லாதான் இருக்கு," என்றார் முதலாளி. தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, வசனம் எழுது."

"சார்?"

"நீயும் நானும் பாக்க நல்லாருக்கும்மா. வீட்ல பாக்கறது யாரு? படிக்காத சனம். சத்தம் நின்னா டிவி ரிப்பேர்னு தட்டுவாங்க. அவங்களுக்கு இதெல்லாம் என்ன புரியும்?"

அவளுக்குக் காது சூடானது.

"எங்கம்மாவுக்குப் புரியும் சார்."

"உங்கம்மா என்ன படிச்சிருக்காங்க?"

"ஒண்ணும் படிக்கலை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல படுக்கைவிரிப்பு மடிக்கறாங்க." சொல்லும்போது தலை தானாக நிமிர்ந்தது. "எங்க வீடு ஒரே ரூம். பக்கத்து ரூம்காரர் நைட் வாட்ச்மேன், பகல்லதான் தூங்குவார். நடுவுல இருக்கறது சுவர் இல்லை, பலகை. அதனால எங்க வீட்டு டிவிக்குச் சத்தமே கிடையாது. அம்மா ரெண்டு மணிக்கு வருவாங்க. அந்த நேரத்துல கௌபாய் படம்தான் ஓடும். பத்து வருஷம் பாத்தோம் சார், ஊமையா. வேற எந்தப் படத்தையும் அப்படிப் பாக்க முடியாது, பத்தாவது நிமிஷம் கொட்டாவி வந்துடும். இது மட்டும் ஓடும். ஏன் தெரியுமா? இதுல எல்லாத்தையும் கையும் காலும் பேசும். வாய் மிச்சம்தான்."

"பாப்பா..."

"முடிச்சுடறேன். குதிரைக்கு முதல்ல தண்ணி காட்டிட்டு அப்புறம் ஒருத்தன் குடிச்சா, அவன் நல்லவன்னு அம்மா கண்டுபிடிச்சாங்க. வில்லனைக் காலரை வச்சே சொல்லிடுவாங்க. 'இந்தத் தூசியில இவனுக்கு மட்டும் எவ்வளவு கஞ்சி போட்ட காலர் பாருடீ, எவளோ ஒருத்தி கையைத் தேய்ச்சிருக்கா, இவன் உருப்படுவானா' அப்படிம்பாங்க. ஒருத்தன் ஊருக்குள்ள வரான், கடைக்காரன் ஜன்னலைச் சாத்தறான். அது போதும், அவன் யாருன்னு தெரிஞ்சிடும். யாரும் வந்து 'இவன் ரொம்பப் பொல்லாதவன்'னு சொல்ல வேண்டியதில்லை. வேகமா சுடறவனைப் பாக்க நாங்க உக்காரலை சார். சுடற வாய்ப்பு கையில இருந்தும் காத்திருப்பான் பாருங்க, அவனைப் பாக்க உக்காந்தோம். காலேஜ் போன பிறகுதான் முதல் தடவையா ஒரு கௌபாய் படத்தைச் சத்தத்தோட பாத்தேன். எனக்கு இங்கிலீஷ் வந்திருந்தது. கேட்டா, எங்கம்மா பத்து வருஷமா சொன்னதுதான் அதுல இருந்தது. எங்கயும் ஒண்ணும் தப்பலை."

கூடம் நிசப்தமானது. அந்த இடத்தில் அது அபூர்வம்.

முதலாளி முட்டாள் இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குரலை இறக்கினார். "சரி. ஒண்ணு பண்ணு. பதினாலு வரி வேண்டாம், எட்டு எழுது. மௌனம் ஒண்ணு போதும். படம் ஆரம்பிக்கும்போது 'தமிழ் வசனம்'னு உன் பேர் போடறேன். தனியா, முழுத் திரையில. இதுவரைக்கும் இங்க யாருக்கும் போட்டதில்லை."

ஒலிப்பதிவாளர் அண்ணன் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார். அவருக்குத் தெரியும்.

அவள் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய நாளிலிருந்து, அதில் மகளின் பெயர் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று விரலால் தடவித் தடவிப் படித்துவைத்திருந்தாள். மகள் எழுதிய ஒவ்வொரு படமும் டிவியில் வரும்போது, எழுத்து ஓடும் நேரத்தில் திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். "வந்துச்சாடீ?" "இல்லம்மா." "கண்ணுக்குத் தப்பியிருக்கும். அடுத்ததுல பாப்போம்." பதினோரு படம் அப்படிப் போயிருந்தது.

காலையிலேயே தன் அகராதியையும் தண்ணீர் பாட்டிலையும் மேஜையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுவிட்டுத்தான் அவள் இந்த அறைக்கு வந்திருந்தாள். பதில் என்னவாக இருக்கும் என்று தெரிந்தே கேட்க வந்தவள். தோளில் இருந்ததே மறந்துபோயிருந்த அந்தப் பை, 'பேர்' என்ற சொல் விழுந்ததும் கனத்தது.

எட்டு வரி. கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடத்தில் எழுதலாம். அம்மா திரையைத் தொட்டுப் பார்ப்பாள். பக்கத்து வாட்ச்மேனை எழுப்பிக்கூடக் காட்டுவாள். அப்புறம் படம் ஓடும். கடைசியில், வாளியை வைக்கும் அந்தப் பெண்ணின் முன்னால் நின்றுகொண்டு அவன் வாயைத் திறப்பான். வாட்ச்மேன் எழுந்துவிட்டதால் அன்று டிவியில் சத்தமும் இருக்கும்.

"அம்மா என்னைக் கேப்பாங்க சார்," என்றாள். "'எதுக்குடீ இவன் இப்போ வாயைத் திறக்கறான்'னு. 'நீதானே எழுதினது'ன்னு. என்கிட்ட பதில் இல்லை."

"உங்கம்மா ஒருத்திக்காகவா படம் ஓடுது?"

"எனக்கு அவங்களுக்காகத்தான் ஓடுது. நீங்க சொன்ன படிக்காத சனம் அவங்கதான்."

வசனத் தாளை மேஜையில் வைத்தாள். அந்த இரண்டு நிமிடக் கட்டத்தில், மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை பேனாவை அழுத்திக் கோடு போட்டாள். இந்தமுறை எழுத்து எதுவும் எழுதவில்லை. எழுதினால் கர்ஜனை படித்துவிடுவார். பிறகு தாளின் தலையில் 'வசனம்' என்ற சொல்லுக்கு எதிரே இருந்த தன் பெயரை அடித்தாள்.

"வேற ஆளை வச்சு எழுதுவேன் பாப்பா. தெரியுமில்ல?"

"எழுதுங்க சார். ஆனா ஒரு தடவை நீங்க போனைக் கவுத்து வச்சீங்க. நான் பாத்தேன்."

முதலாளி மேஜையில் இன்னும் கவிழ்ந்து கிடந்த போனை நிமிர்த்தினார். கர்ஜனை கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைத் தூக்கினார். மைக் அணைந்திருந்ததால் அவர் சொன்னது கேட்கவில்லை. அந்தக் கையை வைத்தே, விடைகொடுக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒலிப்பதிவாளர் அண்ணன் நாற்காலியைப் பின்னால் இழுத்து வழி விட்டார்.

கோபமாக அறைந்து சாத்த முடியாத கதவு அது. ஒரு சாண் தடிமன், விளிம்பெல்லாம் ரப்பர். எவ்வளவு வேகமாக இழுத்தாலும் தன்பாட்டுக்கு மெதுவாகத்தான் மூடும், சத்தமில்லாமல். அவள் இழுத்துப் பார்க்கவும் இல்லை. பையைத் தோளில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். மணி ஒன்றரை. வேகமாக நடந்தால், இரண்டு மணிப் படத்துக்கு அம்மாவோடு போய் உட்கார்ந்துவிடலாம்.