முதலில் தண்ணீர்

ஜப்பானில் கடற்படைத் துறைமுகம் உள்ள எங்கள் குரே ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் கர்ரி சோறுதான். கடலில் போகிறவனுக்குக் கிழமை மறந்துவிடக் கூடாது என்று கடற்படைக்காரர்கள் வைத்துக்கொண்ட வழக்கம் எப்போதோ கரைக்கும் தொற்றிக்கொண்டது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் கர்ரிக் கடையில் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். நான் எதிர்ச்சாரியில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். குராமிட்சு நீர்மூழ்கிக் கப்பலில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கடலின் சத்தத்தைக் கேட்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஹிரோபே தபால் ஆபீசில் இருந்தவன். படகில் ஏறினாலே வாந்தி எடுப்பான், ஆனால் எந்தக் கப்பல் எந்தக் கடலில் எப்படி மூழ்கியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

எங்களுக்கு வேறு பைத்தியம் கிடையாது. நீர்மூழ்கிகள், கடற்போர்கள், அவற்றைப் பற்றிய புத்தகங்கள், அவ்வளவுதான். மாதம் ஒருவர் ஒரு புத்தகத்தைப் 'படித்தே ஆகவேண்டும்' என்று சிபாரிசு செய்வார். மற்ற இருவரும் அதில் தப்புக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று தப்பு அகப்பட்டால் அந்தப் புத்தகம் 'மூழ்கியது'. கொண்டுவந்தவனுக்கு அன்றைக்குக் கர்ரியோடு சிவப்பு ஊறுகாய் கிடையாது. நான் ஊறுகாய் தின்று வெகுகாலம் ஆகிறது. ஹிரோபே சிபாரிசு செய்த புத்தகம் ஒன்றுகூட மூழ்கியதில்லை. அந்தத் திமிர் அவன் சோறு மெல்லுவதிலேயே தெரியும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐம்பது வருஷம் தாண்டியிருந்த ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை. சொட்டச் சொட்டக் குடையோடு ஒரு பெண் எங்கள் மேசைக்கு வந்தாள். ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"கப்பல் புத்தகத்துல எது நல்லதுன்னு சொல்றவங்க நீங்கதானே? பழைய புத்தகக் கடைக்காரர் அனுப்பினார். என் பேர் ஒகிதானி மிச்சியோ."

எங்களைத் தேடி ஒரு ஆள் வந்ததே அதிசயம், அதிலும் ஒரு பெண். குராமிட்சு சட்டென்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் ஒரு நீர்மூழ்கியின் எண்ணைச் சொன்னாள். எங்கள் ஊரில் கட்டிய கப்பல், தெற்குக் கடலில் போனது, திரும்பவில்லை. அந்த எண்ணை நான் இங்கே எழுத மாட்டேன். அதில் போனவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இன்னும் இதே தெருக்களில் நடமாடுகிறார்கள்.

"அடடே! எடுத்ததுமே நல்ல கப்பலாத்தான் பிடிச்சிருக்கீங்க!" என்றான் ஹிரோபே.

"நீல அட்டை போட்ட புத்தகம் ஒண்ணு இருக்கு ஒகிதானி-சான். சின்னது, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றேன் நான்.

"அதைக் கையால தொடாதீங்க! கப்பலைத் தள்ளுற சுழலி எத்தனைன்னுகூடத் தெரியாதவன் எழுதினது. குண்டு பட்டுச்சாம், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள எல்லாரும் போயிட்டாங்களாம். நேர்ல பார்த்தவன் மாதிரி அளந்து விட்டிருக்கான். இவன் முடிவெட்டுற லட்சணத்துக்கு இவன் படிக்கிற புத்தகம் சரியாத்தான் இருக்கு."

"உன் தலையில முடி இருந்தாத்தானேடா என் லட்சணம் தெரியும்?"

ஹிரோபே கண்டுகொள்ளவில்லை. தன் பையிலிருந்து தடிமனான மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்துத் தடவிக் கொடுத்தான்.

"இதைப் படிங்க. எதிரிக் கப்பல்ல இருந்தவங்க எழுதி வச்ச குறிப்பையெல்லாம் பார்த்து எழுதினது. குண்டு பட்டதும் கப்பல் போய்த் தரையில உட்கார்ந்திடுச்சு. பின்பக்கம் இருந்தவங்க உசிரோடதான் இருந்திருக்காங்க. மேல நிக்கிறவன் கேட்டுக்கிட்டே இருக்கான், உள்ளேருந்து டங் டங்குனு சுத்தியல் சத்தம். ராத்திரி முழுக்க. மறுநாள் சாயங்காலம்தான் அடங்குச்சு. அந்த ரெண்டு பக்கம் இருக்கே, ஆகா, அந்த மாதிரி எழுத இன்னொருத்தன் பிறக்கணும்!"

எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் புத்தி இது. எந்தக் கப்பல் என்று கேட்போம், எந்தக் கடல் என்று கேட்போம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டோம்.

"பின்பக்கம்னா, எஞ்சின் இருக்கிற இடமா?" என்றாள் மிச்சியோ.

"ஆமா, எஞ்சின் அறையேதான்!"

"எங்கப்பா எஞ்சின் அறையிலதான் வேலை பார்த்தார்."

ஹிரோபேயின் கை புத்தகத்தின் மேலேயே கிடந்தது. எனக்கு அப்படியே மேசைக்கு அடியில் புகுந்துவிடலாம் போல இருந்தது.

அவள் அழவில்லை. குனிந்தபடியே சொன்னாள். அப்பா போனபோது அவள் அம்மாவின் வயிற்றில் இருந்தாள். பிறகு வீட்டுக்கு அஸ்தி வைக்கும் வெள்ளை மரப்பெட்டி ஒன்று வந்தது. திறந்தால் உள்ளே எலும்பில்லை, பெயர் எழுதிய காகிதத் துண்டு மட்டும். அன்றுமுதல் அம்மா தினமும் காலையில் அப்பாவுக்கென்று தனியாக ஒரு சாப்பாடு எடுத்துவைக்கிறாள். வெளியூர் போனவன் பசியில்லாமல் இருக்கட்டும் என்று எங்கள் வீடுகளில் வைப்பதுதான். ஆனால் அவளுடைய அம்மா சோற்றுக்கு முன்னால் ஒரு குவளைத் தண்ணீர் வைப்பாளாம்.

"தாகத்தோட போயிருப்பாரோன்னு அம்மாவுக்கு ஒரே நினைப்பு. இப்ப ஆஸ்பத்திரியில இருக்காங்க. கண் தெரியல. அங்கேயும் கட்டிலுக்குப் பக்கத்துல தண்ணி வச்சாத்தான் சாப்பிட வாயைத் திறப்பாங்க. இன்னும் கொஞ்ச நாள்தான்னு டாக்டர் சொல்லிட்டார். அவர் எப்படிப் போனார்னு எழுதின புத்தகத்தைப் படிச்சுக் காட்டு, கேட்டுட்டுப் போறேங்கிறாங்க. எதைப் படிக்கட்டும்?"

கடைக்காரர் வைத்துவிட்டுப் போன கர்ரியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. ஹிரோபே தடிப் புத்தகத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இது வேண்டாம்மா. இதுல தப்பு இருக்கு."

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

"கடலோட ஆழம் தப்பு. தேதியும் தப்பு. அப்புறம் அந்தச் சுத்தியல் சத்தம்..." அவன் புத்தகத்தைப் பைக்குள் திணித்தான். "அது வேற கப்பல். மாத்தி எழுதிட்டான்."

"கடலுக்குள்ள சத்தம் ஏமாத்தும்மா" என்றான் குராமிட்சு, அவளைப் பார்க்காமல். "நானே எத்தனையோ தடவை ஏமாந்திருக்கேன்."

உண்மையில் அந்தப் புத்தகத்தில் ஆழமும் தேதியும் சரியாகவே இருந்தன. குராமிட்சுவின் காது ஒரு நாளும் ஏமாந்ததில்லை. ஹிரோபே தன் கையாலேயே தன் புத்தகத்தை மூழ்கடித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நீல அட்டைதானே சரி?" என்றேன்.

"அதுதான் சரி. ஒரு நொடிதான். அவங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றான் ஹிரோபே.

அந்தப் புத்தகம் என் கடையில் காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காகக் கிடந்தது. மழையில் ஓடிப்போய் எடுத்தேன். பக்கங்களுக்கு நடுவே எவன் எவன் முடியோ கிடந்தது. எல்லாவற்றையும் ஊதித் தட்டிவிட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் எங்கள் மூவரையும் ஒரு தடவை மாறி மாறிப் பார்த்தாள். இடுப்பை வளைத்து வணங்கிவிட்டுப் போய்விட்டாள். ஹிரோபே தன் ஊறுகாயை எடுத்து என் தட்டில் வைத்தான். நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை.

அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை அவள் மறுபடி வந்தாள். கறுப்பு உடை. துணியில் சுற்றிய நீல அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன். 'ஒரு நொடிதானா?'ன்னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன். 'அப்படின்னா தாகமே எடுத்திருக்காதே. பாவம், நான்தான் தினம் தண்ணி வச்சுத் தொந்தரவு பண்ணியிருக்கேன். நாளைலேருந்து வைக்காதே'ன்னாங்க. அதுக்கப்புறம் நிம்மதியாத் தூங்கினாங்க. தூக்கத்துலேயே போயிட்டாங்க."

"நல்லதும்மா" என்றான் குராமிட்சு.

"அம்மாவுக்கு அந்தப் புத்தகம் போதும்" என்றாள் மிச்சியோ. "ஹிரோபே-சான், எனக்கு எதைச் சிபாரிசு பண்றீங்க?"

ஹிரோபே என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கு முதல்ல நீங்க சொன்னதைக் கேட்டுட்டேனே. கேட்ட காதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவன் பையைத் திறந்து தடிப் புத்தகத்தை எடுத்தான். இரண்டு கைகளாலும் பிடித்து அவளுக்கு நீட்டினான்.

"இதுல ஒரு தப்பும் இல்லம்மா" என்றான்.

அவள் அதை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டாள். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டு இரண்டு தட்டு கர்ரி கேட்டாள். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டாள். மற்றதைக் காலியாக இருந்த நாற்காலிக்கு முன்னால் வைப்பதற்கு முன், ஒரு குவளையில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

"இனிமே நான்தான் வைக்கணும். அவருக்குத் தாகம் எடுத்துச்சுன்னு வீட்டுல தெரிஞ்சவ நான் ஒருத்திதானே."

அன்றைக்கு யாரும் கப்பலைப் பற்றிப் பேசவில்லை. ஸ்பூன் தட்டில் பட்டுச் சத்தம் வந்துவிடாமல் நாலு பேரும் மெதுவாகச் சாப்பிட்டோம்.