செத்தவன் மகளுக்கு முதல் இடம்

மாகாண அரசின் குடியேறியோர் அலுவலகத்தில் மிரேயா சோக்கே என்கிற அம்மாள் எடிக்சனிடம் பெயர் கேட்டாள். சொன்னான். பிறந்த தேதி கேட்டாள். அதையும் சொன்னான். தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அவனை நிமிர்ந்து பார்த்தவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

எடிக்சன் வெனிசுவேலாக்காரன். பதினோரு மாதத்துக்கு முன் பொலிவியாவிலிருந்து மலையேறி, களவாகச் சிலிக்குள் வந்தவன். தாயில்லாத ஆறு வயது மகள் நைலேத்தை எல்லைக்கு அந்தப் பக்கம் தன் அக்காவிடம் விட்டிருந்தான். வழியில் கூட வந்த ஒரு கிழவன் குளிரில் விறைத்து உட்கார்ந்துவிட்டான். பெயர்கூடத் தெரியாது. எடிக்சன் தன் மேல்சட்டையைக் கழற்றி அவனுக்குப் போர்த்திவிட்டு நடந்தான். அடையாள அட்டை, கைபேசி, அதிலிருந்த அக்காவின் எண் எல்லாம் சட்டைப்பையோடு போயின. ஞாபகம் வந்தபோது பாதி நாள் நடந்திருந்தான். திரும்பிப் போகவில்லை. தெற்கே ஒரு சுரங்கத்தில் மண் அள்ளினான்.

எல்லையில் தங்கிப்போன பிள்ளைகளை மாகாண அரசே பேருந்து வைத்து அழைத்துவருகிறது என்று வானொலியில் கேட்டுத்தான் இங்கே வந்தான்.

மிரேயா ஒரு படத்தைக் காட்டினாள். பாலைவனச் சாலையோரம், நாய்க்கூண்டு அளவில் ஒரு சின்ன வீடு. துர்மரணம் நடந்த இடத்தில் ஊர்க்காரர்கள் கட்டும் அனிமித்தா. சுற்றிலும் காகிதப் பூக்கள், நன்றி சொல்லும் பலகைகள். நடுவில், பெரிதாக்கி மாட்டிய அவன் முகம்.

நரி தின்றது போக மிச்சத்தைச் சட்டைப்பையிலிருந்த அட்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்களாம். முதலில் ஒரு லாரிக்காரர் வேண்டிக்கொண்டார். திருட்டுப்போன லாரி கிடைத்தது. பிறகு ஊரே போக ஆரம்பித்தது. உயிரோடு வந்த வெனிசுவேலாக்காரர்களின் கூடாரங்களைக் கொளுத்திய அதே ஊர். மாகாண அரசு பக்கத்தில் ஒரு பலகை நட்டிருந்தது: ‘இரு நாட்டு மக்களும் கூடும் இடம்.’

“நான் சாகல, மேடம்.”

“தெரியுது தம்பி. கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே.”

செத்தவனின் மகள் அநாதை. அதனால் பட்டியலில் நைலேத்தின் பெயர் முதலில் இருந்தது. அத்தைக்காரி கையெழுத்துப் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை பேருந்து, மிரேயா வீட்டில்தான் வளர்ப்பு. அவன் உயிரோடிருப்பதாகப் பதிந்தால் கோப்பு தலைநகருக்குப் போகும். களவாக வந்தவன், விசாரணை. ஒன்றரை வருஷம், அதற்கும் உத்தரவாதமில்லை.

எடிக்சன் கோப்பை அவள் பக்கம் தள்ளினான்.

“அப்ப நான் செத்தவனாவே இருந்துடறேன். அவ வந்து சேரட்டும்.”

கோப்பை மூடிய மிரேயா எழுந்திருக்கவில்லை. குரல் தாழ்ந்தது. “என் பையனுக்கு வாரம் மூணு தடவ ரத்தம் சுத்தம் பண்றாங்க. மார்ச்லேர்ந்து அனிமித்தாவுக்கு வந்து உங்ககிட்ட வேண்டிக்கிட்டுத்தான இருக்கேன்.”

“நான் மண் அள்றவன், மேடம்.”

“ஆமா, ஆமா” என்று தலையாட்டினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்குச் சற்று மேலே பார்த்தாள்.

சாயங்காலம் தன் வீட்டுக்கு வந்தால் போதும் என்று அவள் சொல்லியிருந்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில், அனிமித்தாவுக்கு முன் பேருந்து நின்றபோது, எடிக்சன் கூட்டத்துக்குப் பின்னால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். அதிகாரி ஒருவர் இணக்கத்தைப் பற்றிப் பேசினார். நைலேத்தை முன்னால் கொண்டுவந்தார்கள். வளர்ந்திருந்தாள். அப்பாவிடம் ஏதாவது கேட்டுக்கொள் என்றாள் மிரேயா.

பிள்ளை படத்தைப் பார்த்துச் சொன்னாள்: “வாங்கப்பா.”

அதற்கு மேல் அவனால் மறைந்து நிற்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் நடந்தான்.

ஒருவரும் கத்தவில்லை. ஆண்கள் தொப்பிகளை எடுத்தார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது, அவன் நிழல்கூடத் தங்கள் மேல் படாத அளவுக்கு. லாரிக்காரர் பக்கத்திலிருந்தவனிடம் மெதுவாகச் சொன்னார்: “நான் சொன்னேன்ல? கூப்பிட்டா வந்துடுவாரு.”

“நைலேத், அப்பாடா. செத்தது வேற ஆளு. தொட்டுப் பாரு.”

கையை நீட்டினான். பிள்ளை மிரேயாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பிள்ளையின் பல் தந்தியடிக்கும் சத்தம் அவனுக்குக் கேட்டது.

“படத்துலயே இருக்கச் சொல்லுங்க, ஆன்ட்டி.”

“புள்ள பயப்படுது” என்றாள் மிரேயா, பணிவாக. “இப்ப போயிட்டு வாங்க.”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. யாரோ ஒரு கிழவி, விரல் படாமல், அதில் எரிகிற மெழுகுவத்தி ஒன்றை வைத்தாள்.