பன்னிரண்டு பதிவுகள்

ஓஸ்வால்டுக்குக் காது கொஞ்சம் ஓவர். ஜோகுபாளையத்து வீட்டில் மிக்ஸி எந்த ஸ்வரத்தில் அரைக்கிறது என்று கேட்டால்கூடச் சொல்வான். பதினைந்து வருடமாக மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவன். மனைவி லவினா அதே பாடகர் குழுவில் பாடுகிறவள். அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த மகள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் ‘கீய்ய்’ என்று சத்தம் வந்தால் அவன் என்ன நினைப்பான்? பாடுகிறாள் என்று நினைத்தான், புத்திசாலி!

தினம் காலையில் அந்தச் சத்தத்தை போனில் பதிவு செய்து குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டான். ‘நம்ம அடுத்த சோப்ரானோ’ என்று, உச்ச ஸ்தாயியில் பாடப்போகிறவளாம், தலைப்பு வேறு. இதயங்களாக வந்து குவிந்தன.

“பாட்டுமில்ல ஒண்ணுமில்லீங்க,” என்றாள் லவினா. “மல்லாக்கப் போட்டா சத்தம் கூடுது. நாலு வாய் பால் குடிச்சா மூச்சு வாங்குது.”

பக்கத்து கிளினிக்கில், குரல்வளை இளசாக இருக்கிறது, வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள். நிறையக் குழந்தைகளுக்கு அப்படித்தான் சரியாகும். ஓஸ்வால்டுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

பன்னிரண்டாவது பதிவைப் போட்ட காலையில், பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை கேரலின் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே குழிந்தது. உதடு நீலம் பாரித்தது. லவினா அலறவில்லை. குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு, “ஆட்டோ கூப்பிடுங்க,” என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ரமா பார்க்கும்போது கேரல் அம்மா தோளில் சமர்த்தாகச் சாய்ந்திருந்தாள். சத்தம் அடங்கியிருந்தது.

“எப்போலேருந்து இப்படி? சத்தம் மாறுதா?”

“ரெக்கார்டிங் இருக்கு மேடம்,” என்றான் ஓஸ்வால்ட், தலையைக் குனிந்துகொண்டு. “பன்னெண்டு.”

அவர் முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். “ஏறிட்டே போற மாதிரி இருக்கே?”

“ஆமா மேடம். மூணு கட்டை ஏறியிருக்கு.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஏறுவதைத் தினமும் கேட்டிருக்கிறான். மகளுக்குக் குரல் திறக்கிறது என்று பெருமைப்பட்டிருக்கிறான். பாவி, பாவி என்று மனசுக்குள் தன்னையே அறைந்துகொண்டான்.

“அப்போ இது காத்திருந்து பார்க்கற கேஸ் இல்ல,” என்று டாக்டர் குழந்தையின் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கினார். திரையில் தெரிந்தது: நாக்கின் வேர்ப்பகுதியில், மூச்சுக்குழல் வாசலை அழுத்திக்கொண்டு, திராட்சை அளவுக்கு ஒரு நீர்க்கட்டி. பிறவியிலேயே வருவது, அபூர்வம் என்றார் டாக்டர்.

“வாய் வழியாவே எடுத்துடலாம். மயக்கம் கொடுத்து மூச்சு டியூப் இறக்கற அந்த நிமிஷம்தான் கஷ்டம். கட்டி வழிய மறைக்குது. கூட ரெண்டு டாக்டர் இருப்பாங்க, பயப்படாதீங்க.”

மறுநாள் காலை ஒன்றரை மணி நேரம் ஆபரேஷன். கட்டியைத் திறந்து, மறுபடி நீர் சேராதபடி மேல் தோலை வெட்டியெடுத்தார்கள். அதற்கடுத்த நாள் டியூபையும் எடுத்தார்கள்.

கேரல் மல்லாக்கத் தூங்கினாள். ஓஸ்வால்ட் குனிந்து காது கொடுத்தான். பதறிப்போனான்.

“மேடம், சத்தமே வரல!”

“அதுக்குத்தானே இவ்ளோ பாடு,” என்று சிரித்தார் டாக்டர்.

பாடகர் குழுவின் மௌரீன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: ‘ரெண்டு நாளா பாட்டக் காணோமே?’

ஓஸ்வால்ட் போனை மகளின் வாயருகே அரை நிமிடம் பிடித்துப் பதிவு செய்தான். தலைப்பு எதுவும் வைக்காமல் அனுப்பினான். லவினா போனை வாங்கிக் காதில் வைத்துக் கடைசிவரை கேட்டாள். கன்னம் நனைந்திருந்தது.

“இன்னொரு தடவ போடுங்க,” என்றாள்.