அண்ணனுக்கு மேலே

கிரேன் ஓட்டும் தேர்வில் அவள் தோற்ற மறுநாள், அவளுடைய அண்ணன் கட்டட வேலையிடத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்தான். அங்கே அவன் மேற்பார்வையாளன்; அவள் கம்பி கட்டும் கூலியாள்.

"கீழ நின்னு அண்ணாந்து பாக்குறதோட நிறுத்திக்க. மேல ஏறுற ஆளுங்க வேற, நீ வேற."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மாலைக்குள் அவளுக்கு 'ஆகாசராணி' என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

அவள் வேலையை உதறிவிட்டு வேறு ஊர்ப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தாள். முன்பெல்லாம் கை நடுங்கினால், 'இது நமக்கு ஒத்துவராது' என்று இறங்கிவிடுவாள். இப்போதும் நடுங்கியது. ஆனால், 'ஓட்டுறவளுக்கு நடுங்கத்தான் செய்யும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், உரிமம் கைக்கு வருமுன்பே, "கிரேன் ஓட்டுறேன்" என்றாள். சொல்லிச் சொல்லி அது அவளுக்கே பொய்யாகப் படாமல் போயிற்று. மறுபடியும் தோற்றாள்.

"விட்டுடலாமேம்மா," என்றார் பயிற்சியாளர்.

"ஓட்டுறவ விட்டுட்டு எங்க சார் போவா?" என்றவள், திரும்பவும் ஏணியைப் பிடித்தாள். அடுத்த முறை தேறினாள்.

நல்ல இடங்கள் கூப்பிட்டன. அவளோ அண்ணன் இருந்த இடத்தில் ஆள் தேவைப்படும்வரை காத்திருந்து, அங்கேயே வந்து ஏறினாள்.

தலைக்கவசம் போடாமல், தொங்கும் சுமைக்கு அடியில் நடப்பது அண்ணனின் பழக்கம். பழைய ஓட்டுநர் கண்டும் காணாமல் இருந்துவிடுவார். அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு அவள் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஒருநாள் பெரிய பொறியாளர் சுற்றிப் பார்க்க வந்த நேரம், அண்ணன் குறுக்கே நடந்தான். அவள் கம்பிக்கட்டை அந்தரத்திலேயே நிறுத்தினாள். மொத்த வேலையும் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட? இறக்கு," என்று வாக்கிடாக்கியில் அதட்டினான்.

"கவசம் இல்லாம ஒருத்தர் கீழ நிக்கிறாரு. அவரு வெளிய போனாத்தான் இறக்குவேன்."

"நான் உன் அண்ணன்டி."

"மேல இருந்து பாத்தா ஆள் யாருன்னு தெரியலீங்க."

எல்லோர் கையிலிருந்த கருவியிலும் அது ஒலித்தது. அடக்கிக்கொள்ள முடியாமல் நாலைந்து பேர் சிரித்தார்கள். பொறியாளர் அண்ணனை அப்போதே வெளியே போகச் சொன்னார். அந்த வாரமே அவனைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அவள் வயிறார உண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

அண்ணி தொலைபேசியில் அழைத்தாள். "உங்கண்ணன் சரியாச் சாப்பிடக்கூட மாட்டேங்குறாரு."

"பசிச்சாச் சாப்பிடுவாரு அண்ணி."

"அதான் பழி தீந்துச்சே. இனி வேற எடம் பாத்துக்குவியா?"

கிரேனை விட்டு இறங்கும் யோசனையே தனக்கு வரவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாளைக்குத் தூண் தூக்கணும் அண்ணி. காத்து எப்படியிருக்குன்னு பாக்கணும், வைக்கிறேன்."