கரண்ட் இல்லாத நாள்

"யக்கா, பார்சல் வந்தா வாங்கி வெச்சிடு. துட்டு கட்டியாச்சு," என்றான் ஆல்வின். வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். வாயில் இன்னும் இட்லி இருந்தது.

"இன்னாடா பார்சலு?" ஷாரோன் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"பேய் கண்டுபுடிக்கிற மிஷினு. யூடியூப் சேனல் ஆரம்பிக்கப் போறேன்."

"அதுக்கு எதுக்கு மிஷினு? காலைல கண்ணாடி பாத்தியா இல்லியா?"

"நீ சிரி. அவனவன் சுடுகாட்டுக்கு ஓடிக்கினு கீறான். நான் வூட்லதான் ஆரம்பிப்பேன். கரண்ட் கீற எடத்துலயும் அதுல லைட்டு எரியும், அதெல்லாம் பாத்து மொதல்ல ஒதுக்கணும். அப்பால மிச்சம் எதுனா எரிஞ்சாதான் பேயி."

"கெளம்புடா. கம்பெனி பஸ்ஸு உன்ன ஒதுக்கிட்டுப் போயிடும்."

உத்திரமேரூரில் பஸ் பிடிக்கப் போனவன் டிரான்ஸ்பார்மர் வளைவைத் தாண்டவில்லை. எதிரே கரும்பு டிராக்டர். ஆள் வந்து சொன்னபோது ஷாரோன் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பாக்கித் துணியையும் போட்டுவிட்டுத்தான் போனாள்.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்களும் போன பிறகு பார்சல் வந்தது.

"ஆல்வின் கீறாரா?" என்றான் கூரியர்காரன்.

"இல்ல."

"நீங்க?"

"அக்கா."

வாங்கி வைத்தாள். அவன் சொல்லிவிட்டுப் போன வேலை அவ்வளவுதான். அதுவும் முடிந்துவிட்டது. வேறு எதுவும் செய்யத் தோன்றாத ஒரு மத்தியானம் அதைப் பிரித்தாள். டிவி ரிமோட் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மேல்முனையில் ஐந்து சின்ன விளக்குகள், பச்சையில் ஆரம்பித்துச் சிவப்பில் முடிந்தன. பொத்தானை அழுத்தியதும் முதல் பச்சை எரிந்தது. கூட வந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் பச்சை பேட்டரி இருக்கிறது என்பதற்கு. மற்ற நாலும்தான் கணக்கு.

அவன் சொன்னபடி வீட்டிலேயே ஆரம்பித்தாள். மீட்டர் பெட்டி, ஃபிரிட்ஜின் முதுகு, ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் சிவப்பு வரை போயின. தண்ணீர்க் குடத்தருகிலும் பைபிள் இருந்த பலகையிலும் பச்சையோடு நின்றது. அம்மா ஜெயம்மாள் பின்னாலேயே வந்தாள்.

"அவன் சட்டகிட்ட வெச்சிப் பாரேன்."

வைத்தாள். முதல் பச்சை மட்டும்தான்.

விஷயம் ஊரில் பரவியது. அம்மா நடவுக்குப் போகும் நிலத்துக்காரர் வீட்டிலிருந்து சுலோச்சனா கூப்பிட்டு அனுப்பினாள். பம்புசெட்டுக் குழாயைத் தொட்டால் யாரோ கையைப் பிடித்து இழுக்கிறார்களாம்.

"எங்க மாமியாராதான் இருக்கும். உயிரோட இருக்கச்சயே இந்த மோட்டார வுட்டு நகராது. இன்னா காட்டுதுடி?"

மோட்டார் சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் மிஷினை வைத்ததும் ஐந்து விளக்கும் எரிந்தன. ஷாரோன் எட்டிப் பார்த்தாள். எலி கடித்து வயரில் செம்பு தெரிந்தது.

"வயரு போயிருக்குதுமா. ஆள வெச்சி மாத்துங்க. அதுவரிக்கும் யாரையும் தொட வுடாதீங்க."

"அவ்ளோதானா?" சுலோச்சனாவின் முகம் விழுந்தது. "மாமியாரா இருந்தா ஒரு பொடவ வெச்சிப் படையல் போட்டு முடிச்சிருப்பேன்."

அதற்குப் பிறகு இரண்டு வீடுகளில் கூப்பிட்டார்கள். ஒன்றில் பழைய இன்வெர்ட்டர், இன்னொன்றில் ஒன்றுமேயில்லை. இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் ஏமாற்றம்தான். அந்த இரண்டாவது வீட்டிலிருந்து திரும்பும்போது அவள் வளைவில் நின்று பொத்தானை அழுத்தினாள். ஐந்தும் எரிந்தன. தலைக்கு மேலே டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டிருந்தது. அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை.

"அங்க வெச்சிப் பாத்தியா?" என்று அம்மா கேட்டாள்.

"அஞ்சும் எரிஞ்சிது." டிரான்ஸ்பார்மரைப் பற்றி ஷாரோன் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

அதிலிருந்து ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அம்மா அவளை வளைவுக்கு இழுத்துப் போனாள். மிஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிவப்பு விளக்கிடம் பேசினாள். ஆடு குட்டி போட்டது, மழையில் சுவர் ஊறியது, மீன் விலை. ஷாரோன் பக்கத்தில் நின்று மனசுக்குள் ஒதுக்கிப் பார்த்தாள். டிரான்ஸ்பார்மரை மட்டும் ஒதுக்க முடியவில்லை. அது நின்ற பிறகும் ஒரு விளக்கு கூடுதலாக எரியுமா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக நாளை பகல் முழுவதும் மின்சாரம் இருக்காது என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது.

காலையில் ஃபேன் நின்றதும் அவள் மிஷினை எடுத்தாள்.

"இன்னிக்குப் போவாதடி," என்றாள் அம்மா.

"ஏம்மா?"

"இன்னிக்குத்தான் கரண்ட் இல்லியே."

ஷாரோன் திரும்பிப் பார்த்தாள். அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஷாரோன் போனாள். உறுமல் இல்லாததால் வளைவு வேறு இடம்போல இருந்தது. வயலில் யாரோ இருமுவதுகூடக் கேட்டது. அழுத்தினாள். முதல் பச்சை. கம்பத்தைச் சுற்றி வந்தாள். ஜல்லியில் இன்னும் கண்ணாடித் துண்டுகள் கிடந்த இடத்தில் குந்தி, கையை நீட்டினாள்.

"டேய், நான்தான்டா வந்துகீறேன்."

காத்திருந்தாள். பெருநகர் ஊருக்குப் போகும் பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. கை வலித்ததும் அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டாவது விளக்கு எரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சோறு போட்டாள். சாயங்காலம் ஃபேன் சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலிருந்து வந்ததும் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"கரண்ட் கீது. கெளம்பு."

ஷாரோன் அலமாரியிலிருந்து மிஷினை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். முதல் பச்சை எரிந்தது. பேட்டரி இருந்தது.