சகலை கொடுத்த பழுப்புத் தண்ணீர்

என் சகலைக்கு எல்லாமே என்னைவிட ஒரு படி கூடுதல். அவர் மனைவியும் என் மனைவியும் அக்கா தங்கை என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அவர் வீட்டு மீன்தொட்டி என் மகளையும் இழுத்துக்கொண்டபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மகளுக்கு எட்டு வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். நான் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாளும் யாராவது ஒருவர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு என்னைத் தேடுவார். எனக்கென்று இருப்பது ஞாயிறு ஒன்றுதான். அந்த ஞாயிறு விடிந்ததும் வாலு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பெரியப்பா வீட்டுக்கு ஓடிவிடுவாள். அங்கே ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே பச்சைப் புல், ஒரு வேர்க்கட்டை, கட்டைமேல் பாசி, நடுவில் நகம் அளவு மீன்கள். இருவரும் நாற்காலி போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். மதியம் சாப்பிட வந்தாலும் அதே பேச்சுதான். பெரியப்பா இதைச் சொன்னாராம், பெரியப்பாவுக்கு அது தெரியுமாம். அப்பாவுக்கு என்ன தெரியும் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

"புதுசா வைக்கறவங்களுக்கு ஒன்றரை அடியே போதும் சார்" என்றார் வண்ணமீன் கடைக்காரர்.

"ரெண்டு அடி குடுங்க" என்றேன்.

அந்த முதல் ஞாயிறு மட்டும் நன்றாக இருந்தது. வாலு எங்கும் போகவில்லை. அடியில் செடி மண்ணும் அதன்மேல் பொடிக் கூழாங்கல்லும் போட்டு, முன்பக்கம் தாழ்வாகவும் பின்பக்கம் உயரமாகவும் பரப்பினோம். இடுக்கியால் ஒவ்வொரு செடியாக அவள் ஊன்றினாள். மண் கலங்காமலிருக்க உள்ளே ஒரு தட்டை வைத்து, அதன்மேல் நான் மெல்லத் தண்ணீர் ஊற்றினேன். "சூப்பர்ப்பா!" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு மாசம் மீன் விடாதீங்க. செடி வேர் பிடிக்கட்டும், தண்ணி பக்குவமாகட்டும்" என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஒரு மாதம் என்றால் நாலு ஞாயிறு. மீன் இல்லாத தொட்டியை எட்டு வயதுப் பிள்ளை எத்தனை ஞாயிறு பார்க்கும்? அடுத்த ஞாயிறே பழையபடி பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று மாலையே வேறொரு கடையில் ஆறு மீன் வாங்கி வந்து தொட்டியில் விட்டேன். சகலையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரிடம் போய்க் கேட்பதா? அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

வியாழக்கிழமை தண்ணீர் அரிசி கழுவியதுபோல் வெளுத்தது. இலைகள் கூழாகிக் கரைந்தன. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. சனிக்கிழமை காலையில் இரண்டு செத்து மிதந்தன. வேலைக்கு லீவு சொன்னேன். வாலு அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனாள்.

அரை மணி நேரத்தில் ஒரு பாட்டிலோடு திரும்பினாள். உள்ளே பழுப்பு நிறத்தில் கசடான தண்ணீர்.

"பெரியப்பா குடுத்தாரு. அவரு ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிஞ்ச தண்ணியாம். நம்ம தொட்டில ஊத்தணுமாம்."

"வச்சுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்."

அவள் குளிக்கப் போனதும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அவர் தொட்டி மட்டும் பளிங்காக இருக்கும், அதிலிருந்து பிழிந்த அழுக்கு என் தொட்டிக்கா? என் வீடென்ன குப்பை கொட்டும் இடமா? மொத்தத்தையும் சிங்க்கில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டேன். குளித்துவிட்டு வந்தவள் காலி பாட்டிலைப் பார்த்து, "இனிமே சரியாயிடும்லப்பா?" என்றாள். நான் தலையை ஆட்டி வைத்தேன்.

மதியம் இன்னொரு மீன் போனது. வண்ணமீன் கடைக்காரரிடம் ஓடி, சகலையின் திமிரையும் சேர்த்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அது அழுக்கு இல்ல சார். மீன் கழிவுல வர்ற விஷத்தைத் தின்னு தீர்க்கற கிருமி அதுலதான் இருக்கு. பழைய ஸ்பாஞ்சுல மாசக்கணக்கா வளர்ந்திருக்கும். புதுத் தொட்டிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. அதைப் போய்ச் சாக்கடைல ஊத்திட்டீங்களே! முதல்ல பாதித் தண்ணிய மாத்துங்க. அப்புறம் அவரு கால்ல விழுந்தாவது இன்னொரு பாட்டில் வாங்கிட்டு வாங்க."

பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுப் போனேன். சகலை பனியனோடு கதவைத் திறந்தார். "வாங்க சகலை" என்றார். நின்ற நிலையிலேயே உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ ஸ்பாஞ்சைக் கழற்றி, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் வாளியில் மொண்டு அதில் பிழிய ஆரம்பித்தார்.

"காலையில வந்து என்ன சொன்னா தெரியுமா?" என்றார், நிமிராமல். "எங்க தொட்டி நல்லாயிட்டா நான் ஞாயித்துக்கிழமை அப்பாகூடவே இருந்துப்பேன் பெரியப்பா, நான் இங்க வந்தா அவரு பாவம், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறாருன்னா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம், பிள்ளை இல்லை. இது எனக்குத் தெரியாத செய்தி ஒன்றும் இல்லை. அந்த நிமிடம்வரை அதை நான் நினைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

"அவ அப்படிச் சொல்லியுமா குடுத்தீங்க?"

"பிள்ளை கேக்குது. குடுக்காம?"

இத்தனை நாள் அவர் தொட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவர் மனசைப் பார்த்து அதைவிட அதிகமாக எரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். ஸ்பாஞ்சை நேற்றுதான் மாற்றினேன் என்று வாய் கூசாமல் பொய் சொல்லியிருப்பேன்.

பாட்டிலை மூடி நீட்டினார். வாங்கவேண்டிய கை வாங்காமல், "நீங்களே வந்து ஊத்துங்க சகலை. நாளைக்கும் வாங்க, ஞாயித்துக்கிழமைதானே" என்று வாய் சொல்லிவிட்டது.

மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். மீதி மூன்று மீனும் பிழைத்துவிட்டால் என் வீட்டுத் தொட்டிக்கும் இவர்தான் ராஜா. சொன்னதை எப்படியாவது திரும்ப வாங்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் சட்டையை மாட்டி, பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.