நிழல் விழும் பக்கம்

சுட்டு வீழ்த்திய அமெரிக்க பலூனின் கேமராவில் ஃபிலிம் முழுதாக இருந்தது. மாஸ்கோவுக்கு வெளியே, பெயர்ப்பலகை இல்லாத கூடத்தில் ஜினாயிதா அதைக் கழுவிப் படம் போட்டாள்.

"பலூனை நம்ம நாட்டுக்கு மேல பறக்கவிட்டுப் படம் எடுத்தது அவன். கழுவுறது நாம. ஒரு நன்றிகூட எழுதி வைக்கலை பாரு!" என்று சிரித்தார் மேலாளர் ரோதியோன் பெத்ரோவிச்.

ஜினாயிதா சிரிக்கவில்லை. ஈரப் படத்தில் அந்த ஆற்று வளைவு அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் வெனியாவைப் பார்க்கப் போய், வாசலிலேயே விரட்டப்பட்ட கைதி முகாம். முகாம்களை மூடுகிறார்கள், வசந்தத்தில் வந்துவிடுவான் என்று காத்திருந்தாள். அண்ணன் கைதி என்பதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வேலை போய்விடும்.

பூதக்கண்ணாடியில் குனிந்தாள். முகாமுக்குப் பின்னால் வரிசையாக நீண்ட மேடுகள். மண் உறைவதற்கு முன்பே குளிர்காலச் சாவுகளுக்குக் குழி வெட்டி வைப்பது அங்கே வழக்கம். அத்தனையும் மூடியாகிவிட்டதா?

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"மேடுங்க… நிறைய மேடு."

ரோதியோன் எட்டிப் பார்த்தார். "அட, மேப் மாதிரி வடக்கை மேல வச்சுப் பார்த்தா அப்படித்தான் தெரியும். நிழல் நம்ம பக்கம் விழணும். இல்லேன்னா பள்ளம் மேடாத் தெரியும். இத்தனை வருஷமா என்னத்தைக் கத்துக்கிட்டே?" படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

மேடுகள் அப்படியே உள்ளே அமிழ்ந்தன. எல்லாம் வெறும் குழிகள். ஒன்றுகூட மூடவில்லை. ஜினாயிதாவுக்கு மூச்சு வந்தது, கண் கலங்கியது.

ரோதியோன் அவளையே பார்த்தார். சிரிப்பு போயிருந்தது.

"அங்க உனக்கு யாராவது இருக்காங்களா?"

"எனக்கா? யாருமில்லைங்க. அண்ணன் தம்பின்னுகூட யாரும் கிடையாது."

"நல்லது" என்று அவர் நகர்ந்தார்.

அவள் மறுபடி கண்ணாடியில் குனிந்தாள். நிழல்கள் அவள் பக்கமே விழுந்துகொண்டிருந்தன. குழிகள் குழிகளாகவே இருந்தன, சற்று முன்வரை வெறும் குழியாக இருந்த கடைசி ஒன்றைத் தவிர. அது மேடாக எழும்பியிருந்தது.

படத்தைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். எந்தப் பக்கம் வைத்தாலும் அது மட்டும் மேடாகவே நின்றது.